பொருட்காட்சியும் பூம்பாறையும்

ஜனவரி மாதம் பிறந்தால் உலகத்து வியாபாரிகளின் கண் அமெரிக்காவிலுள்ள லாஸ் வேகாஸ் நகரத்தின் பக்கம் திரும்புகிறது. வீட்டிலும் கையிலும் வண்டியிலும் இருந்து வேலை செய்யும் மின்னணுச் சாமான்களுக்கென்று அங்கே வருஷந்தோறும் ஒரு பெரிய பொருட்காட்சி கூடுகிறது. 1967-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நியூயார்க் நகரில் அது முதன்முதலாகக் கூடியபோது வந்து பார்த்தவர்கள் 17,500 பேர். 2025-ம் வருஷத்திலோ 1,40,000 பேருக்கு மேல் வந்தார்கள். ரேடியோவும் டெலிவிஷனும் வீற்றிருந்த பீடத்தில் இப்போது மோட்டார் வண்டிகள் வீற்றிருக்கின்றன. 2022-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மேனி மாறும் கார் ஒன்றை அங்கே காட்டினார்கள். மறு வருஷம் 32 நிறங்கள் காட்டும் காரைக் கொண்டுவந்தார்கள். 2025-ல் ஸோனியும் ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்து செய்த அஃபீலா என்ற காருக்கு 89,900 டாலரிலிருந்து விலை கூறப்பட்டது. அன்றைய நாணய மாற்றுப்படி நமது பணத்தில் அது முக்கால் கோடி ரூபாய்க்கு மேல்.

நமது தேசமும் இந்த விஷயத்தில் பின்தங்கி நிற்கவில்லை. 2025-ம் வருஷம் ஜனவரி 17 முதல் 22 வரை டில்லியிலும் அதையடுத்த கிரேட்டர் நோய்டாவிலும் ‘பாரத் மொபிலிடி’ என்ற பெயரில் வாகனப் பொருட்காட்சி நடைபெற்றது. லாஸ் வேகாஸ் காட்சி தொழில் துறையினருக்கு மட்டுமே திறந்தது. டில்லிக் காட்சியிலோ பொதுஜனங்களும் அனுமதிக்கப்பட்டார்கள். இத்தகைய காட்சிகளுக்கு வாலிபர்கள் தனியே போவதில்லை. நாலைந்து நண்பர்கள் கூடிப் போகிறார்கள். ஒருவன் காரின் கதவைத் திறந்து பார்க்கிறான். மற்றொருவன் ஆசனத்தில் அமர்ந்து பார்க்கிறான். மூன்றாமவன் அவ்விருவரையும் கைபேசியில் படம் பிடிக்கிறான். மாலையில் எல்லோரும் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி வீடு திரும்புகிறார்கள்.

இதை நாம் குற்றமாகக் கூற வரவில்லை. புதிய பொருளைப் பார்ப்பதில் ஆசை கொள்ளாத வாலிபம் வாலிபமன்று. ஆனால் பார்ப்பதிலும் இரண்டு வகை உண்டு. பொருளைக் கண்டு மயங்கி நிற்பது ஒரு வகை. ‘இது எப்படி ஓடுகிறது, இது எனக்கு எதற்கு, இதனால் யாருக்கு என்ன நேரும்’ என்று விசாரிப்பது இரண்டாவது வகை. முதல் வகையில் தேசம் வாடிக்கைக்காரனாகிறது. இரண்டாவது வகையில்தான் தேசம் தொழிலாளியாகவும் எஜமானனாகவும் ஆகிறது.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். வியப்போடு அவர் நின்றுவிடவில்லை. ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஓட்டத் தொடங்கியவர் அவர்தான். பழனி மலையின் அடிவாரத்தில் ஓடிய அந்தப் பஸ்ஸிலிருந்து கோவையின் யந்திரத் தொழில் வரையில் ஒரு சாலை நீண்டது. அதன் தொடக்கத்தில் இருந்தது விசாரிக்கும் கண்.

மலைமேல் ஒரு பொருட்காட்சி

டில்லிக்கும் லாஸ் வேகாஸுக்கும் போனால்தான் பொருட்காட்சி என்பதில்லை. அதே பழனி மலையின் உச்சிப் பகுதியில், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பூம்பாறைக்குப் போகிறவர்கள் விடுமுறை நாட்களில் அங்கே ஒன்றல்ல, இரண்டு பொருட்காட்சிகள் எதிரெதிராக நடப்பதைக் காணலாம்.

மன்னவனூர்ச் சாலையில் ஒரு வளைவில் நின்று கீழே நோக்கினால் பூம்பாறை முழுவதும் தெரியும். சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றில் பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்ஸும். நடுவே நெருக்கமாக வீடுகள். குழந்தை வேலப்பர் கோயில். சமவெளியிலிருந்து வந்த நண்பர்கள் தங்கள் கார்களை அவ்வளைவில் வரிசையாக நிறுத்துகிறார்கள். கதவுகள் திறக்கின்றன, பாட்டுப் பெட்டி முழங்குகிறது, புதுக் கைபேசிகள் வெளியே வருகின்றன. கிராமத்தை அவர்கள் காட்சியாகப் பார்க்கிறார்கள். மண்வெட்டியோடு வயலேறி வரும் குடியானவர் அந்தக் கார்களைக் காட்சியாகப் பார்க்கிறார். ஒருவருக்கொருவர் பேச்சு நடப்பது அபூர்வம். அரைமணி நேரத்தில் படம் பிடிப்பது முடிகிறது, கார்கள் புறப்பட்டுவிடுகின்றன.

அந்தக் குடியானவரின் வேலையில் யந்திரம் எந்த அளவு உதவிக்கு வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படிவயலில் டிராக்டர் திரும்ப இடமில்லை. விளைந்த மூட்டை சாலை வரையில் தலையிலோ தோளிலோ பிராணிகளின் முதுகிலோதான் ஏற வேண்டும். பூண்டைப் பறித்தவுடன் விற்றுவிட முடியாது. காய வைத்து, கட்டித் தொங்கவிட்டு, புகை போட்டுப் பாதுகாக்க வேண்டும். பிறகு மலையிறக்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் சேர்க்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அதன் பெயருக்குச் சட்டம் பாதுகாப்பளித்துவிட்டது. அதை விளைவிப்பவரின் முதுகுக்கும், புகையில் எரியும் கண்ணுக்கும் எந்தப் பொருட்காட்சி பாதுகாப்பளித்தது?

இதைக் கேட்டவுடன், ‘நீங்கள் யந்திரத்துக்கே விரோதிகளா?’ என்று சிலர் கேட்கக்கூடும். இல்லவே இல்லை. மோட்டார்ச் சாலை வருவதற்கு முன் துரைமார்களும் அவர்கள் குடும்பத்தினரும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ள, அவர்களைக் கூலிகள் தோளில் சுமந்து கொடைக்கானலுக்கு ஏற்றினார்கள். மோட்டார் வந்து அந்தத் தோள்களை விடுவித்தது. அது யந்திரம் செய்த புண்ணியம். மனிதன் தோளிலிருந்து சுமையை இறக்கும் யந்திரம் நமக்கு வேண்டியதுதான். சுமையை ஒருவன் தோளிலிருந்து இறக்கி வேறொருவன் தோளில் ஏற்றும் யந்திரத்தைப் பற்றித்தான் நமது விசாரணை.

நிபந்தனை விதித்த காலம்

தேசிய இயக்கத்துக்கும் பொருட்காட்சிக்கும் பழைய உறவு உண்டு. 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸோடு கைத்தொழில் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அதன் பின் காங்கிரஸ் மகாசபையும் சுதேசிப் பொருட்காட்சியும் சேர்ந்து நடப்பது வழக்கமாயிற்று. 1938-ல் வார்தாவில் மகன் சங்கிரகாலயம் என்ற கிராமக் கைத்தொழில் காட்சிசாலையைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வேலையைத் தாங்கி நடத்திய காலம் அது.

இவை எல்லாவற்றையும்விட நாம் நினைவில் வைக்க வேண்டியது 1929-ல் நடந்த ஒரு காரியம். அந்த வருஷம் அகில இந்திய சர்க்கா சங்கம், மேலான ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு தருவதாக அறிவித்தது. வெறும் பரிசு அறிவிப்பு மட்டுமன்று அது. நிபந்தனைப் பட்டியலும் கூடவே இருந்தது. ராட்டை இலேசாக இருக்க வேண்டும். குடிசையில் இருப்பவர் கையாலோ காலாலோ இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்தியாவிலேயே 150 ரூபாய்க்கு மேற்படாத விலையில் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். அவ்வப்போது பழுது பார்த்தால் 20 வருஷம் உழைக்க வேண்டும். அந்தப் பரிசு எவருக்கும் வழங்கப்படாமலே போயிற்று. ஆனால் முயற்சி வீண் போகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் பரவிய அம்பர் சர்க்காவை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன்.

இங்கே கவனிக்க வேண்டியது ராட்டையை அல்ல, முறையை. பணக்கார தேசத்தார் ஒரு யந்திரத்தைச் செய்து, ‘இதோ, வாங்கிக்கொள்’ என்று கொண்டுவந்து வைக்க, ஏழை தேசத்தார் வாயைப் பிளந்து நிற்கவில்லை. தேவை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நிபந்தனை புறப்பட்டது. விலை இவ்வளவு, ஆயுள் இவ்வளவு, பழுது பார்க்கும் வழி இது என்று குடிசை சொல்லிற்று; யந்திர நிபுணன் கேட்டுக்கொண்டான். இன்றைய பொருட்காட்சியில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. யந்திரம் முதலில் வருகிறது. தேவையை விளம்பரம் பின்னால் உண்டாக்குகிறது. நிபந்தனை எவர் வாயிலிருந்தும் வருவதேயில்லை.

நிபந்தனையில்லாமல் வந்த யந்திரம்

நிபந்தனை விதிக்காமல் யந்திரத்தை ஏற்றுக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குத் தூரதேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. பூம்பாறைக்குப் போகும் வழியிலுள்ள கொடைக்கானலே சாட்சி சொல்லும். 1980-களில் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் நகரில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பெயர்த்தெடுக்கப்பட்டு இம்மலைக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனியிலிருந்து அது பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு மாறிற்று. காய்ச்சல் அளக்கும் கண்ணாடிக் குழாய்கள் இங்கே தயாராகிக் கடல் கடந்து போயின. பாதரசக் கழிவு மலையிலே நின்றது. 2001-ல், பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல்கள் கொடைக்கானலில் ஒரு பழைய சாமான் கிடங்கில் இருப்பதை ஜனங்களும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் கண்டுபிடித்துக் கிளர்ச்சி செய்தார்கள். அவ்வருஷமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கு வேலை செய்த 591 தொழிலாளர்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏற்பட 2016-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியின் சரித்திரம் இது. வெப்பமானி கெட்ட பொருளன்று. அதனால் பிழைத்த உயிர்கள் அநேகம். ஆனால் தொழிற்சாலை மலையேறிய அன்று, ‘மிச்சத்தை எங்கே வைப்பாய், தொழிலாளியின் உடம்புக்கு என்ன உத்தரவாதம்’ என்று அதிகாரத்தோடு கேட்டவர் இல்லை. அன்று ஒரு நிமிஷத்தில் கேட்டிருக்கக் கூடிய கேள்விக்குப் பதில் பெற ஒரு தலைமுறை ஆயிற்று.

மோட்டார் வண்டியின் கதையும் ஏறக்குறைய அப்படியே ஆகிவருகிறது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி கொடைக்கானல் நகராட்சியின் ஜனத்தொகை 36,501. வாகன நெருக்கடி தாங்காமல் போனதால் சென்னை ஹைகோர்ட்டு தலையிட்டு, 2024-ம் வருஷம் மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று செய்தது. 2025-ம் வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரையில் கொடைக்கானலுக்குச் சாதாரண நாட்களில் 4,000 வண்டிகளும், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகளுமே வரலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. மலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால், 6,000 வண்டிகளில் வருகிறவர்கள் 24,000 பேர். அதாவது ஊர் ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மலையேறுகிறது. இது வரம்பு கட்டிய பிறகுள்ள கணக்கு என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

‘எல்லாம் மின்சாரக் கார்களாக மாறிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும்’ என்று பொருட்காட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. புகை குறையும், அது நல்லதே. ஆனால் மின்சாரக் காரும் சாலையில் அதே இடத்தைத்தான் அடைக்கும். பூம்பாறை வளைவில் 50 மின்சாரக் கார்கள் நின்றாலும் மூட்டை ஏற்றிய வண்டிக்கு வழி கிடைக்காது. இந்த நோய்க்கு மருந்து காரின் வயிற்றுக்குள் மட்டும் இல்லை. பலர் சேர்ந்து ஏறும் பஸ்ஸில் இருக்கிறது. ஆனால் பஸ்ஸைச் சுற்றும் மேடையில் வைத்து விளக்குப் போட்டுக் காட்டுவார் மிகச் சிலர்.

பூட்டுவதும் படைப்பதும்

இனி, தேசத்தின் கௌரவம் என்ற வாதத்துக்கு வருவோம். ‘இந்தப் பொருட்காட்சிகளில் நமது தேசத்துச் சாமான்களும் இடம் பெறுகின்றனவே, அது பெருமையல்லவா?’ என்கிறார்கள். பெருமைதான், ஆயினும் பெருமையையும் எடை போட்டே வாங்க வேண்டும்.

2022-ல் வியத்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனி லாஸ் வேகாஸ் காட்சியில் ஏறி, இனி மின்சாரக் கார்கள் மட்டுமே செய்வோம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அதன் கார்கள் டில்லிக் காட்சிக்கு வந்தன. அதே வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி அதன் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய தூத்துக்குடி அது. சிதம்பரனார் கப்பல் விட்டது கப்பலில் ஏறிப் பார்க்கும் ஆசையால் அன்று. கடலில் அன்னியர் கட்டியதே கட்டணம் என்ற நிலையை மாற்றுவதற்காக. நெடும் போரில் நொந்த ஒரு சிறு தேசம் சொந்தப் பெயரில் கார் செய்து நமது துறைமுகத்தில் கடை விரிக்கிறது. அதைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டாம், பாடம் கற்றுக்கொள்ளலாம். தொழிற்சாலை வந்ததில் நமது வாலிபர்களுக்கு வேலை கிடைக்கும். அந்த வேலையோடு வித்தையும் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி.

வித்தை கைக்கு வராமல் வேலை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் அறியும். 2006-ல் அங்கே தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் கோடிக்கணக்கான கைபேசிகள் பூட்டப்பட்டன. கம்பெனியின் கைபேசி வியாபாரம் மைக்ரோஸாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை மட்டும் அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், விசேஷமாகப் பெண்கள், வெளியே வந்தார்கள். பூட்டத் தெரிந்த கைகளுக்குச் சொந்தமாகப் படைக்க வழி இல்லாமல் போயிற்று. இதற்கு மாறாக, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் 2013-ல் தொடங்கிய ஏதர் கம்பெனி மின்சார ஸ்கூட்டரைத் தாங்களே வரைந்து, தாங்களே சோதித்து, ஓசூரில் செய்து விற்கிறது. இரண்டு கதைகளும் தமிழ்நாட்டுக் கதைகளே. எது நமக்கு வழிகாட்டி என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பார்த்து வாங்கிய பொருள் பழுதானால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பழைய ராட்டையை ஊர்த் தச்சன் சரி செய்தான். இன்றைய கைபேசி பசை வைத்து மூடி வருகிறது. காரின் கணிப்பொறியைக் கம்பெனிக்காரன் தவிர மற்றவன் தொடக்கூடாது என்கிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தார்கள். தொடக்கம் என்ற அளவில் அது நல்லது. ஆனால் உரிமை தளத்தில் இருந்தால் போதாது. வத்தலக்குண்டிலும் கொடைக்கானலிலும் உள்ள மெக்கானிக்கின் கையில் உதிரிச் சாமானாக வந்து சேர வேண்டும். பழுது பார்க்க முடியாத பொருள் குப்பையாகிறது. 2022-ம் வருஷத்தில் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 620 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22 சதவிகிதம்தான் என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. பொருட்காட்சியின் முன்வாசலில் விளக்கு. பின்வாசலில் இந்தக் குப்பை.

‘அப்படியானால் மலிவான பொருள் செய்தால் சரியாகிவிடுமா?’ என்று கேட்டால், அதுவும் போதாது. 2008 ஜனவரி 10-ந் தேதி டில்லிப் பொருட்காட்சியில் டாடா கம்பெனியார் ஒரு லட்சம் ரூபாய்க் காரான நானோவை அறிமுகம் செய்தார்கள். ஸ்கூட்டரில் நால்வராக நெருங்கிப் போகும் குடும்பத்தை நினைத்துச் செய்த வண்டி அது, நல்ல எண்ணமே. ஆனால் அதைக் காட்டிய இடமும் விளம்பரமும் கார் என்பதை அந்தஸ்தின் அடையாளமாகவே ஜனங்களுக்குக் கற்பித்திருந்தன. ‘ஏழையின் கார்’ என்ற பெயர் வந்தவுடன் ஏழையும் அதை வாங்கக் கூசினான். 2018-ல் அதன் உற்பத்தி நின்றது. பொருளை மாற்றினால் மட்டும் போதாது, பார்க்கும் கண்ணையும் மாற்ற வேண்டும் என்பதற்கு நானோ அத்தாட்சி.

செய்ய வேண்டியது

குழந்தை வேலப்பருக்குப் பூம்பாறையில் தேரோட்டம் உண்டு. மலைச் சரிவில் தேர் இழுப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: முன்னே இழுக்கும் வடம் மட்டும் போதாது, பின்னே தாங்கிப் பிடிக்கும் பிடியும் வேண்டும். இல்லாவிட்டால் தேர் தானே ஓடும்; இழுப்பவன் அதன் அடியில் அகப்படுவான். யந்திர நாகரிகத்துக்கு ஆசை முன்வடம், நிபந்தனை பின்பிடி. நமக்கு முன்வடத்தில் குறைவில்லை.

ஆகையால் நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, சர்க்கார் இடம் கொடுத்தும் ஆதரவு கொடுத்தும் நடைபெறும் பொருட்காட்சிகளில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு பலகை இருக்க வேண்டும். விலை என்ன, எங்கே செய்தது, எத்தனை வருஷம் உதிரிச் சாமான் கிடைக்கும், வெளி மெக்கானிக் பழுது பார்க்கலாமா, ஆயுள் முடிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வது யார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் அதில் பதில் வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டு சர்க்கார் மலைக் குடியானவர்களுக்கான கருவிப் பொருட்காட்சி ஒன்றைக் கொடைக்கானலில் நடத்த வேண்டும். படிவயலில் ஏறக் கூடிய சிறு சுமைவண்டி, கண்ணை எரிக்காத பூண்டு உலர்த்தும் அறை இவற்றுக்குப் பரிசு அறிவிக்க வேண்டும்; பரிசுக்கு நீதிபதிகளாக அக்கருவிகளை உபயோகிக்கப் போகும் குடியானவர்களும் பெண்களும் உட்கார வேண்டும். மூன்றாவது, சீஸன் காலத்தில் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகும் பிரயாணிகளைப் பொது பஸ்களில் ஏற்றி, அந்த வளைவை மறுபடியும் ஊராருக்குச் சாலையாக்க வேண்டும்.

சர்க்காரை எதிர்பார்த்து ஊழியர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஜனவரி மாதத்தில் லாஸ் வேகாஸ் கூடுகிறது. அதே ஜனவரி 26-ந் தேதி தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது; மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களிலும் கூடுகிறது. பூம்பாறையிலும் கூடுகிறது. ‘எங்கள் சரிவில் ஏற வேண்டும், எங்கள் குளிரில் ஓட வேண்டும், இவ்வளவு விலைக்கு மேல் இருக்கக் கூடாது, எங்கள் ஊர் மெக்கானிக் சரி செய்யக் கூடியதாக இருக்க வேண்டும், அதன் கழிவு எங்கள் ஓடையில் சேரக் கூடாது’ என்று ஒரு நிபந்தனைப் பட்டியலை அச்சபை தீர்மானமாக நிறைவேற்றினால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வருஷப் பொருட்காட்சிக்கு நாலு நண்பர்கள் போகட்டும். காரின் கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கம்பெனிக்காரர் கையில் கொடுக்கட்டும்.